ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் பின்தங்கும் கடிகாரம்

கேள்வி இதுதான். வீட்டில் பழைய கைக்கடிகாரம் ஒன்று இருக்கிறது, தினமும் சாவி கொடுக்க வேண்டிய ரகம். ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் பின்தங்குகிறது. நொடி பிசகாமல் நேரம் காட்டும் போன் பையிலேயே இருக்கும்போது இதைச் சரிசெய்வதில் அர்த்தம் இருக்கிறதா? மனிதர்கள் எதற்காக நிமிடத்துக்கும் நொடிக்கும் இத்தனை நூற்றாண்டுகள் மெனக்கெட்டார்கள்?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் முதல் கேள்வி சுலபமாகிவிடும். பழைய கடிகாரங்களைக் கழற்றி மாட்டுகிற பைத்தியம் எனக்குப் பல வருடங்களாக உண்டு. ஆரம்பத்தில் எந்தக் கடிகாரத்தைப் பார்த்தாலும் எவ்வளவு சரியாக ஓடுகிறது என்றுதான் பார்ப்பேன். இப்போது வேறு மாதிரிக் கேட்டுக்கொள்கிறேன்: இது தப்பாக ஓடினால் யாருக்கு என்ன நஷ்டம்? நேரத்துக்கு விலை என்று ஒன்று ஏற்பட்டதே அந்த நஷ்டத்தால்தான். நஷ்டம் இல்லாத காலத்தில் யாரும் நிமிடத்தைத் தேடவில்லை.

பழைய எகிப்தியர்கள் பகலை 12 பங்கு, இரவை 12 பங்கு என்று பிரித்தார்கள். கோடைப் பகல் நீளம் என்பதால் அதில் ஒரு மணியும் நீளம். குளிர்காலத்து மணி குட்டை. யாருக்கும் அது உறுத்தவில்லை. வெயிலில் நட்ட குச்சியின் நிழல் எங்கே விழுகிறதோ அதுதான் மணி. இரவுக்கு நிழல் கிடையாது, அதனால் தண்ணீர். கார்னாக் கோயிலில் கிடைத்த, சுமார் 3,400 வருடம் பழைய நீர்க்கடிகாரம் அடியில் துளையிட்ட ஒரு கல்தொட்டி. தண்ணீர் குறையக் குறைய அழுத்தமும் குறையும், ஒழுக்கும் மெதுவாகும். அதைச் சமாளிக்கத் தொட்டியின் சுவரை மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் சாய்த்துச் செதுக்கியிருக்கிறார்கள். உள்சுவரில் ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனி வரிசையில் புள்ளிகள், ஏனென்றால் இரவின் நீளம் மாதத்துக்கு மாதம் மாறும். இதைச் செய்தவர் நம்மைவிட எந்த விதத்திலும் மட்டமான பொறியாளர் இல்லை. அவருக்கு நிமிடம் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

நம் மொழியிலேயே இந்தத் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடியில் ஊசித் துளை போட்ட சின்னக் கிண்ணத்தைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டால் அது மெல்ல நிரம்பி மூழ்கும். மூழ்கியதும் மணி அடித்துவிட்டு மறுபடி எடுத்து மிதக்கவிடுவார்கள். ஒருமுறை மூழ்குகிற நேரம் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். ஒரு நாளைக்கு 60 நாழிகை. நாழிகைக்கு இன்னொரு பெயர் கடிகை. பேட்டரியில் ஓடும் பொருளைக் கடிகாரம் என்று சொல்லும்போதும், 'நாழியாகிவிட்டது' என்று கிளம்பும்போதும் அந்தக் கிண்ணத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நொடி என்பது விரலைச் சொடுக்கும் நேரம். எழுத்தின் ஒலி அளவைச் சொல்ல வந்த இலக்கணக்காரர்கள் கண் இமைப்பதையும் கை நொடிப்பதையும்தான் அளவாக வைத்தார்கள். எழுத்தை உச்சரிக்க அதைவிட நுட்பமான அளவு வேண்டியதில்லையே.

பல் சக்கரங்களால் ஓடும் கடிகாரம் ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வருகிறது. அதற்கு முன்பே சீனத்தில் சூ சோங் என்பவர் 11ஆம் நூற்றாண்டின் முடிவில் தண்ணீரால் சுழலும் மாபெரும் கடிகாரக் கோபுரத்தைக் கட்டியிருந்தார், அது தனிக்கதை. ஐரோப்பியக் கோபுரக் கடிகாரங்களில் முதலில் வந்தவை பலவற்றுக்கு முகமே கிடையாது. முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. நேரம் வந்தால் மணி அடிக்கும், அவ்வளவுதான் வேலை. ஆங்கிலத்தில் கடிகாரத்துக்கான சொல்லே மணி என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். அப்புறம் முகம் வந்தபோதும் ஒற்றை முள்தான். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் தப்புகிற இயந்திரத்துக்கு நிமிட முள் வைத்து என்ன பயன்? தினமும் நண்பகலில் யாராவது ஒருவர் நிழற்கடிகாரத்தைப் பார்த்து அதைத் திருத்திவைக்க வேண்டும். புதிய இயந்திரம் சரியாக ஓட, அது ஒழித்துக்கட்டியதாக நாம் நினைக்கிற பழைய குச்சி பல நூற்றாண்டுகளுக்குக் கூடவே நிற்க வேண்டியிருந்தது. முள் வலமாகச் சுற்றுவதும் அந்தக் குச்சியின் பழக்கம்தான். பூமியின் வடபாதியில் நிழல் அந்தத் திசையில்தான் நகரும்.

அந்தக் கடிகாரங்கள் அவ்வளவு தப்பியதற்குக் காரணம் எளிமையானது. உள்ளே ஒரு குறுக்குக் கம்பி இப்படியும் அப்படியும் ஆடி, சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும். அந்தக் கம்பிக்குச் சொந்தமான தாளம் கிடையாது. எடை கொஞ்சம் பலமாக இழுத்தால் வேகமாக ஆடும், எண்ணெய் கெட்டியானால் மெதுவாக ஆடும். ஊசலுக்கு அப்படி இல்லை. அதன் தாளத்தைப் பெரும்பாலும் அதன் நீளம்தான் தீர்மானிக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகச் சரியாக ஒரு நொடி எடுக்கும் ஊசலின் நீளம் ஏறத்தாழ 99.4 செ.மீ. ஊசலின் இந்தக் குணத்தைக் கவனித்தவர் கலிலியோ. கடிகாரத்தில் பொருத்தி ஓடவிட்டவர் டச்சுக்காரரான கிறிஸ்டியான் ஹைகன்ஸ், 1656இல். நாளொன்றுக்குக் கால் மணி நேரமாக இருந்த பிழை சுமார் 15 நொடிக்கு இறங்கியது. கடிகார வரலாற்றில் ஒரே தாவலில் இவ்வளவு பெரிய முன்னேற்றம் வேறு எப்போதும் இல்லை என்பது என் கருத்து. நிமிட முள் அதற்குப் பிறகுதான் பரவலாக முகத்தில் ஏறியது.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. 1672இல் ழான் ரிஷேர் என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்கு அருகே இருக்கும் கயேனுக்கு ஊசல் கடிகாரத்தோடு போனார். பாரிஸில் ஒழுங்காக ஓடிய கடிகாரம் அங்கே ஒரு நாளைக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது, கிட்டத்தட்ட உங்கள் கடிகாரம் மாதிரியே. ஊசலைச் சற்றுக் குட்டையாக்கிய பிறகுதான் சரியானது. அப்போது பலர் வெப்பத்தில் கம்பி நீண்டிருக்கும் என்றே நினைத்தார்கள். உண்மையில் அங்கே ஈர்ப்பு விசையே சற்றுக் குறைவு. பூமி தன் சுழற்சியால் நடுவில் புடைத்திருக்கிறது என்ற நியூட்டனின் வாதத்துக்கு அந்த இரண்டரை நிமிடம் ஒரு முக்கியச் சான்றானது. ஆகவே பின்தங்குகிற கடிகாரத்தை உடனே திட்ட வேண்டாம். சில நேரம் அது ஏதோ சொல்ல வருகிறது.

சரி, இரண்டு நிமிடத்தின் விலைக்கு வருவோம். அதை ஒரு நாடாளுமன்றமே நிர்ணயித்திருக்கிறது.

நடுக்கடலில் கப்பல் வடக்கு தெற்கில் எங்கே இருக்கிறது என்பதைச் சூரியனின் உயரத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். கிழக்கு மேற்கில் எங்கே என்பதற்கு அது போதாது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. கப்பலில் நண்பகல் ஆகும்போது புறப்பட்ட துறைமுகத்தில் மணி என்ன என்று தெரிந்தால், அந்த வித்தியாசம்தான் தூரம். ஆனால் துறைமுகத்து நேரத்தைக் கையோடு கொண்டுபோவது எப்படி? ஆடுகிற கப்பலில் ஊசல் உதவாது. 1707இல் இருக்கும் இடம் தெரியாமல் பிரிட்டிஷ் கடற்படையின் நான்கு கப்பல்கள் சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1714இல் நாடாளுமன்றம் பரிசு அறிவித்தது: மேற்கிந்தியத் தீவுகள் வரை போய், அரைப் பாகைக்குள் இடத்தைச் சொல்லும் வழியைக் காட்டுபவருக்கு 20,000 பவுண்டு.

அரைப் பாகை என்பது நேரத்தில் சரியாக இரண்டு நிமிடம். உங்கள் கடிகாரம் ஒரே நாளில் தொலைப்பதை, சுமார் ஆறு வாரப் பயணம் முழுவதற்கும் சேர்த்துத் தொலைக்கலாம் என்பது நிபந்தனை. நாளுக்கு மூன்று நொடிகூட வராது. உங்கள் கடிகாரத்தை நம்பிக் கிளம்பினால் நிலநடுக்கோட்டில் முதல் நாளே 55 கிலோமீட்டர் தவறிப்போயிருப்பீர்கள்.

பரிசுக்குப் பாடுபட்டவர் ஜான் ஹாரிசன், தச்சர், முறையாகப் படித்தவர் கிடையாது. எண்ணெய்தான் கடிகாரத்தின் எதிரி என்று புரிந்துகொண்டு, தானே எண்ணெய்ப் பசை கசியும் ஒரு மரத்தில் பாகங்களைச் செய்தவர். வெப்பத்தில் பித்தளையும் எஃகும் வெவ்வேறு அளவில் நீளும் என்பதையே பயன்படுத்தி, ஒன்றின் பிழையால் மற்றொன்றின் பிழையை அடித்துவிடும் வழியைக் கண்டார். மூன்று பெரிய கடிகாரங்களில் வாழ்நாளின் பெரும்பகுதி போனது. நான்காவது வேறு மாதிரி: 13 செ.மீ. அகலம், ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, பெரிய பாக்கெட் கடிகாரம் போல. 1761 நவம்பரில் அவர் மகன் வில்லியம் அதை எடுத்துக்கொண்டு ஜமைக்காவுக்குக் கப்பல் ஏறினார். 81 நாள் கழித்து அங்கே சரிபார்த்தபோது பிழை 5 நொடி.

பெரும்பாலும் கதை சொல்பவர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள். ஆனால் கடிகாரக்காரர்களுக்கு முக்கியமான விஷயம் இதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்தக் கடிகாரம் 81 நாளில் ஐந்து நொடி மட்டுமே பின்தங்கியது என்று பொருள் இல்லை. அது ஒவ்வொரு நாளும் இரண்டே முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவாகப் பின்தங்கும் என்று கிளம்பும் முன்பே கணித்துச் சொல்லியிருந்தார்கள். அதைக் கழித்துவிட்ட பிறகு மிஞ்சியதுதான் ஐந்து நொடி. தினமும் ஒரே அளவு தப்புகிற கடிகாரம் தொழில்காரர்களைப் பொறுத்தவரை தப்புகிற கடிகாரமே இல்லை, கழித்துக்கொள்ளலாம். இன்றைக்கு அரை நொடி, நாளைக்கு ஆறு நொடி என்று போகிற கடிகாரம்தான் ஆபத்து. இதை நினைவில் வையுங்கள், கடைசியில் உங்கள் கடிகாரத்துக்கும் தேவைப்படும்.

பரிசுப் பணத்துக்கு அவர் பட்ட பாடு தனி. அதிகாரிகள் நிபந்தனைமேல் நிபந்தனை போட்டார்கள். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் தலையிட்ட பிறகு, 1773இல், 80 வயதில்தான் நாடாளுமன்றம் அவருக்கு 8,750 பவுண்டு கொடுத்தது. நேரத்தை அவ்வளவு உயர்வாக மதித்த அரசு, அதை அளந்து கொடுத்தவரின் நேரத்தை மதித்த லட்சணம் இது.

நேரத்தை நிஜமாகவே விற்றுப் பிழைத்த குடும்பமும் உண்டு. 1836இல் கிரீனிச் வானாய்வகத்தில் வேலைபார்த்த ஜான் ஹென்றி பெல்வில், லண்டன் கடிகாரக் கடைக்காரர்களுக்குச் சரியான நேரத்தைக் கொண்டுபோய்க் காட்டும் வேலையைத் தொடங்கினார். ஜான் ஆர்னால்டு செய்த ஒரு நல்ல கடிகாரம் கையில். தங்க உறையோடு இருந்ததைத் திருட்டுக்குப் பயந்து வெள்ளி உறைக்கு மாற்றிக்கொண்டாராம். அவருக்குப் பின் மனைவி, மனைவிக்குப் பின் 1892 முதல் மகள் ரூத். ரூத் வாரம்தோறும் கிரீனிச்சுக்குப் போய்த் தன் கடிகாரம் எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று எழுதிய சான்றிதழை வாங்குவார், அப்புறம் நகரத்துக்குப் போய் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் கடிகாரத்தையும் தாளையும் காட்டிக் கட்டணம் வாங்குவார். இங்கேயும் பாருங்கள், கடிகாரம் சரியாக ஓட வேண்டியதில்லை, எவ்வளவு தப்பு என்று தெரிந்தால் போதும். தந்தி வழியாக நேரம் வந்துவிட்டது, 1924இல் வானொலியில் பீப் ஒலி வந்துவிட்டது, 1936இல் தொலைபேசியில் நேரம் சொல்லும் குரல் வந்துவிட்டது. ரூத் 1940 வரை நடந்துகொண்டே இருந்தார், 86 வயது வரை. ஒரு இயந்திரம் வந்துவிட்டால் பழைய வேலை மறுநாளே போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு இவரைத்தான் காட்டுவேன்.

கரையில் இருந்தவர்களுக்கு நிமிடத்தைக் கட்டாயமாக்கியது ரயில். அதற்கு முன் ஒவ்வோர் ஊருக்கும் தன் தலைக்கு மேல் சூரியன் வரும் நேரம்தான் நண்பகல். லண்டனைவிடப் பிரிஸ்டல் 10 நிமிடம் பின்னால். குதிரை வண்டியில் போகும்போது அந்தப் பத்து நிமிடம் தூசியோடு தூசியாகப் போய்விடும், ரயில் அட்டவணையில் போகாது. பிரிஸ்டலில் தானிய வணிகக் கட்டடத்தின் கடிகாரத்தில் இரண்டு நிமிட முட்கள் இன்றும் இருக்கின்றன, ஒன்று ஊர் நேரம், ஒன்று லண்டன் நேரம். அமெரிக்க ரயில் கம்பெனிகள் 1883 நவம்பர் 18 அன்று நாட்டை நேர மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டன. அரசு சொல்லிச் செய்யவில்லை, தாங்களாகவே. அன்று பல ஊர்களில் நண்பகல் இரண்டு முறை வந்தது. அடுத்த ஆண்டு 25 நாடுகள் வாஷிங்டனில் கூடிக் கிரீனிச்சைத் தொடக்கக் கோடாக வைத்தன.

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் ரயில்களுக்கு அட்டவணைதான் உயிர். 1891 ஏப்ரலில் ஓஹையோ மாநிலத்தின் கிப்டனில் அஞ்சல் ரயிலும் பயணிகள் ரயிலும் மோதின. ஓர் ஓட்டுநரின் கடிகாரம் நான்கு நிமிடம் நின்று, மறுபடி தானாக ஓடத் தொடங்கியிருந்தது என்று சொல்லப்பட்டது. நின்றே போயிருந்தால் கவனித்திருப்பார். மறுபடி ஓடியதுதான் கொன்றது. அதற்குப் பிறகு அமெரிக்க ரயில் ஊழியர்களின் கடிகாரங்களுக்கு விதி வந்தது: வாரத்துக்கு 30 நொடிக்கு மேல் தப்பக்கூடாது, முறைவைத்துப் பரிசோதனை செய்ய வேண்டும்.

தொழிற்சாலைக் கதை கசப்பானது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் சில ஆலைகளில் முதலாளிகள் காலையில் கடிகாரத்தை முன்னே தள்ளி, மாலையில் பின்னே இழுத்து வேலை நேரத்தைத் திருடினார்கள் என்று தொழிலாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். கையில் கடிகாரம் வைத்திருந்தால் பறிப்பார்களாம். நேரத்தின் மதிப்பைப் பற்றி யாராவது உபதேசம் செய்தால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்: யாருடைய நேரம், அளப்பவர் யார்?

கைக்கடிகாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலாம் உலகப் போர் வரை அது பெரும்பாலும் பெண்களின் நகை. ஆண்கள் பையில் சங்கிலி போட்டு வைத்திருப்பார்கள். பீரங்கி வீச்சு நகரும் நொடியும் வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறும் நொடியும் ஒன்றாக இருக்க வேண்டியபோது, பைக்குள் கைவிட்டுத் தேட நேரம் ஏது? போர் முடிந்தபோது ஆண்களின் மணிக்கட்டிலும் அது நிலைத்துவிட்டது. அதே காலத்தில்தான் இருட்டில் ஒளிர முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் பூசினார்கள். பூசிய இளம்பெண்கள் தூரிகையின் நுனியைக் கூராக்க உதட்டில் வைத்து ஈரப்படுத்தினார்கள், அப்படித்தான் செய்யச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பலர் தாடை எலும்பு அரித்துப்போய் இறந்தார்கள். இதைச் சொல்வதற்கு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. உங்கள் கடிகாரத்தின் எண்களின்மேல் பழுப்பாகிப்போன தடித்த பூச்சு இருந்தால் அதைச் சுரண்டாதீர்கள், கண்ணாடியைக் கழற்றாதீர்கள். ஒளிர்வது நின்றிருக்கும், ஆனால் ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும்.

இனி அதன் முதுகைத் திறந்து பார்ப்போம். பெரிய உருளைக்குள் சுருட்டிய எஃகு நாடா, மெயின் ஸ்பிரிங். சாவி கொடுக்கும்போது நீங்கள் இறுக்குவது அதைத்தான். அது விரியும் பலம் நான்கைந்து சக்கரங்கள் வழியாகக் கடைசியில் ஒரு கொக்கிப் பல் சக்கரத்துக்கு வருகிறது. அதை ஒரு சிறிய நங்கூரம் இரண்டு மாணிக்கக் கல் நுனிகளால் தடுத்துத் தடுத்து விடும். அதற்குத் தாளம் கொடுப்பது பேலன்ஸ் வீல், தலைமுடி போன்ற சுருள் கம்பியோடு முன்னும் பின்னும் புரள்கிற வளையம். ஊசலின் வேலையைப் படுத்துக்கொண்டும் கவிழ்ந்துகொண்டும் செய்யக்கூடியது இது. முதல்முறை நான் அந்தச் சுருளை இடுக்கியால் எடுத்தபோது மூச்சை விட்டேன். அது காணாமல் போனது. இரண்டு நாள் கழித்து என் சட்டைப் பொத்தானில் சிக்கியிருந்தது, பயன்படாத வடிவத்தில்.

பழைய கடிகாரங்கள் பலவற்றில் இந்த வளையம் நொடிக்கு ஐந்து முறை தட்டும். ஒரு நாளைக்கு 4,32,000 தட்டு. வாரம் முழுக்க, உங்கள் மணிக்கட்டு ஆடினாலும் வெயில் அடித்தாலும். உங்கள் கடிகாரம் நாளைக்கு இரண்டு நிமிடம் பின்தங்குகிறது என்றால் 720 தட்டுக்கு ஒன்று குறைகிறது என்று கணக்கு. பேட்டரி இல்லாமல் சுருள் கம்பியால் ஓடும் ஒரு பொருள் 99.86 சதவீதம் சரியாக இருக்கிறது. நான் செய்கிற எந்த வேலையிலும் இந்த மதிப்பெண் எனக்குக் கிடைத்ததில்லை.

குவார்ட்ஸ் வந்தது 1969 கிறிஸ்துமஸ் அன்று, ஜப்பானின் செய்கோ கம்பெனி விற்ற ஆஸ்ட்ரான் கடிகாரமாக. மின்சாரம் பாய்ச்சினால் சீராக அதிரும் படிகம், நொடிக்கு இத்தனை முறை என்று. இன்றைய கடிகாரங்களில் அந்த எண் 32,768. ஏன் இந்த விசித்திர எண் என்றால், இதை இரண்டால் 15 முறை வகுத்தால் சரியாக ஒன்று வரும். பாதியாக்குவது மட்டுமே தெரிந்த எளிய சர்க்யூட்டுகளை வரிசையாக வைத்தால் நொடிக்கு ஒரு தட்டு கிடைத்துவிடும். மாதத்துக்கு 15 நொடி அளவில்தான் பிழை. ஹாரிசன் வாழ்நாளைக் கொடுத்துச் செய்த துல்லியம் மிட்டாய்க் கணக்கில் கிடைக்கத் தொடங்கியது. அடுத்த 15 வருடத்தில் சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலில் இருந்தவர்களின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது.

அணுக்கடிகாரம் இன்னொரு உலகம். 1967 முதல் ஒரு நொடி என்பது சீசியம் அணு உமிழும் ஒரு குறிப்பிட்ட அலை 9,192,631,770 முறை அதிரும் நேரம். பூமியின் சுழற்சியை நொடிக்கு அடிப்படையாக வைத்திருந்த காலம் போய்விட்டது, ஏனென்றால் பூமி சீராகச் சுழலவில்லை என்பதையே கடிகாரங்கள்தான் காட்டிக்கொடுத்தன. 1972 முதல் 2016 வரை உலக நேரத்தில் 27 முறை ஒரு நொடியைக் கூடுதலாகச் செருகியிருக்கிறார்கள், பூமி வந்து சேரட்டும் என்று. கணினிகளுக்கு இது பெரிய தலைவலி. 2035க்குள் இந்த வழக்கத்தை நிறுத்திவிட முடிவாகியிருக்கிறது.

இவ்வளவு நுட்பம் யாருக்கு வேண்டும்? உங்களுக்குத்தான். போனில் நீலப் புள்ளி நீங்கள் நிற்கும் தெருவைக் காட்டுகிறதே, அது ஹாரிசனின் கணக்குதான், கப்பலுக்குப் பதில் செயற்கைக்கோள். ஒளி ஒரு நானோ நொடியில் 30 செ.மீ. போகும். கடிகாரம் ஒரு மைக்ரோ நொடி தப்பினால் நீங்கள் 300 மீட்டர் தள்ளி நிற்பீர்கள். ஐன்ஸ்டைன் சொன்னபடி மேலே இருக்கும் கடிகாரம் தரையில் இருப்பதைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி முந்துகிறது. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் கணக்கு பத்து கிலோமீட்டருக்கு மேல் பிசகிவிடும்.

அதே சமயம், அளக்க முடிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் அளக்கவும் கூடாது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தனிநபர் மெட்லி நீச்சலில் சுவீடனின் குன்னார் லார்சன் அமெரிக்காவின் டிம் மெக்கீயை ஒரு நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு வித்தியாசத்தில் வென்றார். தூரத்தில் அது மூன்று மில்லிமீட்டர். ஆனால் எந்தக் குளத்திலும் ஒவ்வொரு பாதையும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒரே நீளத்தில் இருக்காது. சிமென்ட் அவ்வளவு ஒழுங்கானது இல்லை. யார் வேகமானவர் என்று அளந்தார்களா, யாருடைய சுவர் அருகில் இருந்தது என்று அளந்தார்களா? அதன் பிறகு நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வது என்று விதியை மாற்றினார்கள். 2016இல் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் மூன்று பேர் ஒரே நேரத்தில் வந்து மூவருக்கும் வெள்ளி கொடுத்தார்கள்.

சரி, உங்கள் கடிகாரம். அதை நம்பி நீங்கள் கப்பல் ஓட்டப்போவதில்லை, ஒற்றைப் பாதையில் ரயிலும் விடப்போவதில்லை. இரண்டு நிமிடத்தால் உங்களுக்கு நஷ்டம் ஏதும் இல்லையென்றால் சாவி கொடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள், தினமும் காலையில் முள்ளைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம். நஷ்டம் கடிகாரத்துக்குத்தான் வரலாம். உள்ளே எண்ணெய் காய்ந்திருந்தால் சக்கரங்களின் அச்சு தேய்ந்துகொண்டே போகும். அதை அறியத்தான் ஹாரிசனின் பாடம்.

ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள், இரவில் முகம் மேலே பார்க்க ஒரே இடத்தில் வையுங்கள், போனோடு ஒப்பிட்டு எத்தனை நொடி பின்தங்கியது என்று குறித்துவையுங்கள். ஒலிபெருக்கி, காந்த மூடியுள்ள உறை இவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள். காந்தம் ஏறினால் பெரும்பாலும் கடிகாரம் தாறுமாறாக முந்த ஆரம்பிக்கும். ஏழு நாளும் 115, 120, 125 நொடி என்று ஒட்டியே வந்தால் நல்ல செய்தி. உள்ளே ஒரு சின்ன நெம்புகோலைத் தலைமுடி அளவு நகர்த்தினால் போதும், பழுது பார்ப்பவருக்கு ஐந்து நிமிட வேலை. ஒரு நாள் 40, மறுநாள் 200 என்று அலைந்தால் நெம்புகோலைத் தொடச் சொல்லாதீர்கள். முழுக்கக் கழற்றி, கழுவி, எண்ணெய் போடச் சொல்லுங்கள். சாவி கொடுத்த 12 மணி நேரத்துக்குள் நின்றுவிடுகிறது என்றால் அதையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தாளைப் பார்த்தாலே அவர் பாதி வேலையை முடித்துவிடுவார்.